மசோதா வேறு, சட்டம் வேறு

காலை நேரம். டீக்கடையில் நல்ல கூட்டம். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கிறார். நாலைந்து பேர் சுற்றி நின்று கேட்கிறார்கள்.

“வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்குப் புதிய மசோதா” என்று படிக்கிறார்.

பெஞ்சில் இருந்த ஒரு தம்பி எழுந்து வருகிறான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கொத்து வேலை செய்கிறான். துபாய்க்குப் போக வேண்டும் என்று ஓராண்டாக அலைகிறான்.

“அப்போ ஏஜென்ட் சொன்னது சரிதான். புதுச் சட்டம் வந்திருச்சாம். இனிமே அரசாங்க அனுமதி எதுவும் வேண்டாமாம். டூரிஸ்ட் விசாவிலேயே போய் வேலையில் சேர்ந்துக்கலாமாம். எண்பதாயிரம் கேட்கிறார். இன்னிக்குச் சாயங்காலம் முன்பணம் கொடுக்கணும்” என்கிறான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் எல்லோருக்கும் மிலிட்டரி தாத்தா.

“தம்பி, அவசரப்படாதே. அண்ணே, அந்தத் தலைப்பை இன்னொரு தடவை படிங்க. சட்டம்னு போட்டிருக்கா, மசோதான்னு போட்டிருக்கா?”

“மசோதான்னுதான் போட்டிருக்கு.”

“இரண்டும் ஒண்ணுதானே தாத்தா?” என்றான் தம்பி.

ஒன்று இல்லை. இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால் பணத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். அதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மசோதா என்றால் என்ன?

ஒரு வீடு கட்டப் போகிறோம். முதலில் கொத்தனார் தாளில் படம் போட்டுக் காட்டுவார். “கதவு இங்கே, ஜன்னல் அங்கே” என்பார். நாம் பார்த்துவிட்டு, “ஜன்னலைக் கிழக்கே வையுங்கள்” என்போம். படம் மாறும். சில சமயம் கையில் பணம் இல்லாமல் வீடே கட்டாமல் போய்விடும். தாளில் இருக்கும் படத்தில் யாரும் குடியிருக்க முடியாது அல்லவா?

மசோதாவும் அப்படித்தான். “இப்படி ஒரு சட்டம் வேண்டும்” என்று எழுதி, நாடாளுமன்றத்தின் முன் வைக்கும் தாள் அது. நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் உள்ளன. ஒன்று மக்களவை. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 543 உறுப்பினர்கள் அதில் இருப்பார்கள். இன்னொன்று மாநிலங்களவை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்களும், குடியரசுத் தலைவர் நியமிக்கும் சிலரும் அதில் இருப்பார்கள். மசோதாவை ஓர் அவையில் தாக்கல் செய்வார்கள். பேசுவார்கள். திருத்துவார்கள். ஓட்டுக்கு விடுவார்கள். பிறகு அடுத்த அவையிலும் இதே வேலை நடக்கும். இரண்டு அவைகளும் ஒப்புக்கொண்ட பிறகு அது குடியரசுத் தலைவரிடம் போகும். அவர் ஒப்புதல் தந்தால்தான் அது சட்டம். அரசிதழில் அச்சாகும்.

அதோடும் முடிவதில்லை. “இந்தச் சட்டம் இன்ன தேதி முதல் நடைமுறைக்கு வரும்” என்று அரசு தனியாக அறிவிப்பது உண்டு. அந்தத் தேதி வரும்வரை பழைய சட்டமே செல்லும்.

மசோதாவுக்கும் முன்னால் ‘வரைவு’ என்று ஒன்று இருக்கிறது. அமைச்சகம் எழுதி, “உங்கள் கருத்து என்ன?” என்று மக்களைக் கேட்பதற்காக வெளியிடுவது. அது இன்னும் நாடாளுமன்ற வாசலைக்கூட மிதிக்காத தாள். 2014-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு கொள்கை முடிவு எடுத்தது. வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது அது. எல்லா வரைவுகளும் அப்படி வைக்கப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

தம்பியின் துபாய்ப் பயணம்

இப்போது தம்பியின் விஷயத்துக்கு வருவோம்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு என்று 1922-இல் வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. வளைகுடா நாடுகளில் எண்ணெய்ப் பணம் பெருகியது. நம் நாட்டிலிருந்து லட்சக்கணக்கானோர் அங்கே வேலைக்குப் போனார்கள். ஏமாற்றுக்காரர்களும் பெருகினார்கள். பழைய சட்டம் போதவில்லை. எனவே 1983-இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் ஆள் சேர்ப்பது குற்றம். ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்று ஓர் அதிகாரியும் உண்டு. டெல்லி, மும்பை, சென்னை, கொச்சி, ஹைதராபாத் போன்ற ஊர்களில் அவருடைய அலுவலகங்கள் உள்ளன.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பொதுவாக ‘இ.சி.ஆர்.’ வகைப் பாஸ்போர்ட் கிடைக்கும். இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், முதலில் பாதுகாவலரின் அனுமதி வாங்க வேண்டும். அவர் வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார். சம்பளம் என்ன, யார் முதலாளி, காப்பீடு எடுத்தாயிற்றா என்று பார்ப்பார். அதன் பிறகே அனுமதி.

இது வீண் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். படித்தவனுக்கு ஒரு நியாயம், படிக்காதவனுக்கு ஒரு நியாயமா என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த அனுமதியால் என்ன கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த வழியில் போகிறவர் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்பீட்டில் சேர வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணம் 275 ரூபாய். விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். அவருடைய பெயரும் முதலாளியின் பெயரும் அரசின் பதிவில் இருக்கும். நாளைக்குச் சம்பளம் வரவில்லை என்றால் நம் தூதரகத்தில் காட்ட ஒரு தாள் இருக்கும்.

டூரிஸ்ட் விசாவில் போனால்? சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவை இல்லை. அதனால்தான் ஏமாற்றுகிற ஏஜென்ட் அந்தக் குறுக்குவழியைக் காட்டுகிறார். போன பிறகு அந்த விசாவில் வேலை செய்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். ஒப்பந்தம் இல்லை. காப்பீடு இல்லை. விசா நாள் முடிந்தால் ஒளிந்து வாழ வேண்டும். சம்பளம் கேட்டால், “போலீசைக் கூப்பிடட்டுமா?” என்பார் முதலாளி.

“எண்பதாயிரம்” என்றாரே ஏஜென்ட், அதையும் கவனியுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் தன் சேவைக்கு வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாய். அதோடு ஜி.எஸ்.டி. வரி சேரும். அதற்கும் ரசீது தர வேண்டும்.

அப்படியானால் செய்தித்தாளில் வந்த மசோதா? அதுவும் பொய் இல்லை. 1983 சட்டம் பழையதாகிவிட்டது. அதை மீறுகிறவருக்கு அது எழுதிவைத்த அபராதம் 2,000 ரூபாய் வரை. சிறை இரண்டு ஆண்டு வரை. 1983-இல் இரண்டாயிரம் ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு ஓர் ஆளிடம் லட்சம் பறிக்கிறவனுக்கு அது எம்மாத்திரம்? எனவே புதுச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. 2021-இல் வெளியுறவு அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. 2025 அக்டோபரில் இன்னொரு வரைவை வெளியிட்டது. வரைவு வெளிவந்த நாளில் பழைய சட்டம் செத்துவிடுவதில்லை. புதுச் சட்டம் நிறைவேறி, நடைமுறைக்கு வரும் தேதி அறிவிக்கப்படும் வரை பழையதுதான் ஆளும்.

“அப்போ ஏஜென்ட் பொய் சொன்னாரா தாத்தா?”

“பாதி உண்மை சொல்லியிருக்கார். முழுப் பொய்யைவிட அது மோசம்” என்றார் தாத்தா.

வழியில் செத்துப்போகும் மசோதாக்கள்

மசோதா தாக்கல் ஆனால் போதும், என்றைக்காவது சட்டம் ஆகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நுகர்வோர் மசோதாவின் கதையைக் கேளுங்கள்.

கடையில் பொருள் வாங்குகிற எல்லோரும் நுகர்வோரே. உப்புப் பாக்கெட் வாங்குகிறவரும் நுகர்வோர்தான். 1986-இல் நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதனால்தான் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம். வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது நம் உரிமை என்று அந்தச் சட்டம் சொன்னது.

காலம் மாறியது. வீட்டில் இருந்தபடி செல்போனில் பொருள் வாங்கும் காலம் வந்தது. மிக்ஸி நம் ஊருக்கு வரும். விற்றவர் எங்கோ இருப்பார். பழுதானால் யாரைப் போய்க் கேட்பது? எனவே 2015-இல் ஒரு புதிய மசோதாவைத் தாக்கல் செய்தார்கள். அது நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. குழு 2016-இல் அறிக்கை தந்தது. பிறகு அரசு அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 2018 ஜனவரியில் வேறொன்றைக் கொண்டுவந்தது. 2018 டிசம்பரில் மக்களவை அதை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அது காத்துக் கிடந்தது. அதற்குள் 2019 தேர்தல் வந்தது. மக்களவை கலைந்தது. மசோதா காலாவதி ஆனது!

ஆம், அதுதான் விதி. மக்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதாவும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருக்கும் மசோதாவும் மக்களவை கலைந்தால் போய்விடும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புதிய மக்களவையில் 2019 ஜூலையில் மீண்டும் தாக்கல் செய்தார்கள். ஜூலை 30-இல் மக்களவை, ஆகஸ்டு 6-இல் மாநிலங்களவை, ஆகஸ்டு 9-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். ஆனால் நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20-இல்தான். ஒப்புதல் கிடைத்தும் ஏறத்தாழ ஓராண்டு அது பெட்டியில் இருந்தது. அந்த ஓராண்டில் வழக்குப் போட்டவருக்குப் பழைய சட்டமே பொருந்தியது.

புதுச் சட்டத்தால் ஒரு பெரிய நன்மை. இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்த மசோதாவில் ஒரு சொல்லால் பெரிய சச்சரவு வந்தது. 2018 மசோதாவில் சேவைகளின் பட்டியலில் ‘மருத்துவம்’ என்ற சொல் இருந்தது. 2019 மசோதாவில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். தவறான சிகிச்சைக்கு நுகர்வோர் ஆணையத்தில் நியாயம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியிருந்தது. சொல் போனதால் அந்த உரிமையும் போய்விட்டதா? வழக்கு நடந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இல், “போகவில்லை” என்றது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. காசு வாங்கிக்கொண்டு மருத்துவம் செய்கிறவர் இன்றும் இந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இலவசமாக மருத்துவம் செய்யும் மருத்துவமனை இதில் வராது.

ஒரே ஒரு சொல்! மசோதாவில் அந்தச் சொல் இருக்கும்போதே, எடுக்கும்போதே மக்கள் கேட்க வேண்டும். சட்டம் ஆன பிறகு கேட்பதென்றால் நீதிமன்ற வாசலில்தான் நிற்க வேண்டும்.

தாத்தாவின் மருந்துச் சீட்டு

“எனக்கு எந்தச் சட்டத்தில் மருந்து கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்” என்றார் தாத்தா சிரித்துக்கொண்டே.

எந்தச் சட்டத்திலும் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மருத்துவம் தரும் திட்டம் 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. எல்லோரும் ‘ஈ.சி.எச்.எஸ்.’ என்பார்கள். அது அரசாணையால் வந்த திட்டம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. அரசாணையை அரசே மாற்றலாம். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். திட்டத்தில் கிடைப்பதற்கும் சட்டத்தில் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆனால் படைவீரர்களுக்குச் சட்டத்தால் கிடைத்த ஒன்றும் உண்டு. பணியில் காயப்பட்டு, “ஊனத்துக்கான ஓய்வூதியம் இல்லை” என்று திருப்பி அனுப்பப்பட்ட வீரர் முன்பெல்லாம் உயர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். அங்கே ஆயிரம் வழக்குகளோடு அவருடைய வழக்கும் கிடக்கும். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2005-இல் மாநிலங்களவையில் தாக்கல் ஆனது. நிலைக்குழு அதை ஆராய்ந்தது. 2007 டிசம்பரில் சட்டம் ஆனது. தீர்ப்பாயம் வேலையைத் தொடங்கியது 2009 ஆகஸ்டில். இன்று டெல்லியிலும், சென்னை, கொச்சி, கொல்கத்தா, லக்னோ போன்ற ஊர்களிலும் அதன் அமர்வுகள் உள்ளன.

“நாலு வருஷம் காத்திருந்தோம். ஆனா வந்தது நின்னுச்சு” என்றார் தாத்தா.

எல்லா மசோதாக்களும் இப்படி மெதுவாகப் போவதில்லை. வெளிநாட்டார் நம் நாட்டுக்குள் வருவது, தங்குவது பற்றிய மசோதா 2025 மார்ச் 11 அன்று மக்களவையில் தாக்கல் ஆனது. மார்ச் 27-இல் மக்களவை நிறைவேற்றியது. ஏப்ரல் 2-இல் மாநிலங்களவை. ஏப்ரல் 4-இல் ஒப்புதல். 24 நாட்கள்தான். எந்தக் குழுவுக்கும் அது அனுப்பப்படவில்லை. செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்கள் போய்விட்டன. பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்குக் கடுமையான தண்டனை வந்தது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள் பயந்துபோனார்கள். பிறகு அரசு தனி ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சம் அடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு விலக்குத் தந்தது. அந்த விலக்கும் ஆணையில் உள்ளது, சட்டத்தில் அல்ல. நல்ல செய்திதான். ஆனால் தாத்தாவின் மருந்துச் சீட்டு போலத்தான் அதுவும்.

வேகமாகப் போகும் மசோதாவில் நாம் குரல் கொடுக்க நேரமே இருக்காது. மெதுவாகப் போகும் மசோதா வழியில் செத்துவிடலாம். இரண்டிலும் கஷ்டம் உண்டு. எனக்கு என்னவோ, மெதுவாகப் போய், பத்துப் பேர் கேள்வி கேட்டு, அதன் பிறகு வரும் சட்டமே நல்லது என்று தோன்றுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

நிலைக்குழு ஒரு மசோதாவை ஆராயும்போது, “கருத்துச் சொல்லுங்கள்” என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுப்பது உண்டு. யாரும் எழுதலாம். பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்பார்கள். நமக்கு அது தடைதான். ஆனால் நம் தொகுதியின் மக்களவை உறுப்பினருக்குத் தமிழில் கடிதம் எழுத யாரும் தடை இல்லை. ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வந்தவர்தானே அவர்!

அன்று மாலை தம்பி முன்பணம் கொடுக்கவில்லை. “உங்க பதிவு எண் என்ன?” என்று கேட்டான். ஏஜென்ட் முகம் மாறியது. “உனக்குப் பதில் வேற ஆள் இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பிக்கு வருத்தம்தான். ஓராண்டுக் கனவு அல்லவா? மறுநாள் 1800-11-3090 என்ற எண்ணுக்குப் போன் செய்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் உதவி எண் அது. கட்டணம் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியலை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம் என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் செல்போனில் தேடிப் பார்த்தார்கள். அந்த ஏஜென்ட்டின் பெயர் அதில் இல்லை.

இரவு வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். தாத்தா சொல்லச் சொல்ல, தம்பி எழுதினான். நீங்களும் படித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியபடி மாற்றி எழுதிப் பழகுங்கள்.

பெறுநர்:
மாண்புமிகு மக்களவை உறுப்பினர் அவர்கள்.

ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் உங்கள் தொகுதியில் இரவு வகுப்பில் படிக்கிறோம். எங்களில் பலர் பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள். எங்கள் வீடுகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தை மாற்றுவதற்கான மசோதா இப்போது எந்த நிலையில் உள்ளது? வரைவாக இருக்கிறதா, அவையில் தாக்கல் ஆகிவிட்டதா, நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று தயவுசெய்து எங்களுக்குத் தெரிவியுங்கள். பாதித் தகவலை வைத்து எங்களை ஏமாற்றுகிறார்கள்.

வேலை ஒப்பந்தம் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஏஜென்ட் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். பதிவு இல்லாதவர் பறித்த பணத்தைத் திரும்பப் பெற, நாங்கள் எங்கள் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழி வேண்டும். நுகர்வோருக்கு அந்த வழி இருக்கிறது. மிக்ஸி வாங்கியவருக்கு இருக்கும் வழி, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியவருக்கும் வேண்டும்.

இவற்றை அவையில் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பதிலை எங்கள் வகுப்பில் நாங்களே படிப்போம்.

இப்படிக்கு,
இரவு வகுப்பு மாணவர்கள், 23 பேர்.
(கையெழுத்துகள் பின்பக்கத்தில். கைநாட்டு ஒன்றும் இல்லை.)